ஆரு பாத்துக்கறது?

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு நெசவு மில்லில் ஆறு வருடம் கணக்கு எழுதினேன். கணக்கு என்பது பேருக்குத்தான். நூல் லாரி வந்தால் மூட்டை எண்ணுவது, வார்ப்பிங்குக்குப் போன கோன்களுக்குச் சீட்டு போடுவது, சனிக்கிழமை சம்பளக் கவர் ஒட்டுவது, மின்வாரிய ஆபீசில் போய்க் கால்கடுக்க நிற்பது எல்லாமே என் வேலை. மில்லை நடத்தியவர்கள் அண்ணன் தம்பி இருவர். அண்ணனைப் பெரியவர் என்போம். அவர் இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். நூல் குடோன், ஸ்பேர் ஸ்டோர், டீசல் ரூம், பீரோ எல்லாம் அந்த ஒரே வளையத்தில். ஷெட்டுக்குள் அவர் வருவதை அந்தச் சாவிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்று எங்கள் ஃபிட்டர் சொல்வார். சுத்தப் பொய். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலே காதில் விழாது. ஆனாலும் நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம்.

ஒரு முகூர்த்த நாளில் பெரியவர் தாராபுரம் பக்கம் கல்யாணத்துக்குப் போய்விட்டார். சின்னவர் துணி வாங்கும் பார்ட்டியைப் பார்க்கத் திருப்பூர் போயிருந்தார். காலை பத்து மணிக்கு இரண்டு ரேபியர் தறிகள் நின்றுபோயின. ஒன்றில் இழையைப் பிடித்து இழுக்கும் கிரிப்பர் உடைந்திருந்தது, இன்னொன்றில் பெல்ட் அறுந்திருந்தது. இரண்டுக்குமே மாற்று ஸ்டோரில் இருந்தது, நானே பில் போட்டு வாங்கி வைத்தவை. சாவி தாராபுரத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தது. மூன்று மணிக்கு மேல் பெரியவர் வந்து திறந்துவிட்டார், தறிகள் ஓடின, யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரி கால்குலேட்டரை வைத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டு தறி, ஐந்து மணி நேரம், நஷ்டம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஆனால் வருடத்தில் இப்படி எத்தனை நாள், எத்தனை தறி, எதனால் நின்றது என்பது மில்லில் எந்த நோட்டிலும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. டீ செலவுக்கு நோட்டு இருந்தது. தறி நின்றதற்கு இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அஞ்சல் வழியில் எம்பிஏ படித்துக்கொண்டிருந்தேன். பாடப் புத்தகத்தில் மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத் வருவார். 1941இல் கோயம்புத்தூரில் பிறந்தவர், நம்ம ஊர்க்காரர் என்ற பெருமையோடுதான் படிக்க உட்கார்ந்தேன். கேரி ஹேமலோடு சேர்ந்து 1990இல் அவர் எழுதிய கட்டுரையில் நிறுவனத்தை ஒரு மரமாகக் காட்டியிருப்பார். கண்ணுக்குத் தெரிகிற இலையும் பழமும் சந்தைக்கு வரும் பொருள்கள், கண்ணுக்குத் தெரியாத வேர்தான் அந்த நிறுவனத்தின் மையத் திறன். அழகான யோசனை, அதில் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. ஆனால் பகலில் ஸ்டோர் பூட்டையும் ராத்திரியில் இந்த மரத்தையும் மாறி மாறிப் பார்த்தவனுக்கு, இரண்டுக்கும் நடுவில் யாரோ ஒரு பத்து அத்தியாயத்தைக் கிழித்துக்கொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது.

படிக்கப் படிக்க மேலாண்மை ஆராய்ச்சி என்ற சங்கதி மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஜெயித்த கம்பெனிகளை எடுத்து வைத்துக்கொண்டு, அவை என்ன செய்தன என்று பார்த்து, இதைச் செய்ததால்தான் ஜெயித்தன என்று எழுதுவது ஒரு பெரிய வியாபாரம். 2001இல் அமெரிக்காவில் வந்து சக்கைப்போடு போட்ட ஒரு புத்தகம், நன்றாக இருந்து மகத்தானதாக மாறியவை என்று 11 நிறுவனங்களைப் பொறுக்கியெடுத்தது. அதில் ஒன்று மின்னணுச் சாமான் விற்கும் சர்க்யூட் சிட்டி, 2008 நவம்பரில் திவால் மனு கொடுத்தது. இன்னொன்று வீட்டுக் கடன் நிறுவனமான ஃபேனி மே, அதே வருடம் செப்டம்பரில் அமெரிக்க அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஊரில் லாட்டரி விழுந்தவன் வீட்டு வாசல் வடக்குப் பார்த்திருந்தால் உடனே எல்லோரும் வாசலை மாற்றி வைக்கிற கதைதான்.

பேரி ஸ்டா என்பவர் 1975லேயே இதை ஒரு சோதனையில் காட்டிவிட்டார். சில குழுக்களிடம் ஒரு நிறுவனத்தின் நிதிக் கணக்கைக் கொடுத்து, அதன் விற்பனையும் ஒரு பங்குக்கான வருமானமும் என்ன வரும் என்று கணிக்கச் சொன்னார். முடிந்ததும் சில குழுக்களிடம் நன்றாகச் செய்தீர்கள் என்றும், சிலரிடம் சரியில்லை என்றும் சொன்னார். உண்மையில் யார் எப்படிச் செய்தார்கள் என்பதற்கும் அந்தத் தீர்ப்புக்கும் சம்பந்தமே இல்லை, குலுக்கல் மாதிரி சொன்னதுதான். அப்புறம் உங்கள் குழு எப்படி வேலை செய்தது என்று கேட்டால், நன்றாகச் செய்ததாகச் சொல்லப்பட்டவர்கள் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை, மனம் விட்டுப் பேசினோம், உற்சாகமாக இருந்தோம் என்கிறார்கள். மற்றவர்கள் அதையெல்லாம் குறைத்துச் சொல்கிறார்கள். ஆக, ஜெயித்த கம்பெனிக்குள் போய் உங்கள் தலைவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால் வரும் பதிலை எவ்வளவு தூரம் நம்புவது? பெரியவருக்கு ஆர்டர் குவிந்த வருடத்தில் எங்களைக் கேட்டிருந்தால் நானே அவரைத் தீர்க்கதரிசி என்றுதான் சொல்லியிருப்பேன்.

இந்த எரிச்சலோடு இருந்தவன் கண்ணில் நெசவாலைகளைப் பற்றிய ஓர் ஆய்வு பட்டது. அதற்குள் நான் மில்லை விட்டு வந்து சில வருடம் ஆகிவிட்டது. நிக்கோலஸ் புளூம், பென் ஐஃபர்ட், அப்ரஜித் மகாஜன், டேவிட் மெக்கென்சி, ஜான் ராபர்ட்ஸ் என்ற ஐந்து பேர் சேர்ந்து 2013இல் வெளியிட்டது. மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் என்று இரண்டு தொழில் ஊர்கள், ஒன்று மகாராஷ்டிரத்தில், மற்றது குஜராத்தில். அங்கே பருத்தித் துணி நெய்யும் 17 நிறுவனங்கள், 28 ஆலைகள். கட்டுரையில் இருந்த புகைப்படங்களைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். லேபிள் இல்லாமல் குவிந்து கிடக்கும் நூல், தரையில் சிதறிய சாமான்கள். எங்கள் குடோனை யாரோ திருட்டுத்தனமாகப் படம் எடுத்துக்கொண்டு போன மாதிரியே இருந்தது.

இந்த ஆய்வுக்கு முன்கதை ஒன்று உண்டு. புளூமும் ஜான் வான் ரீனனும் 2007இல் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி நான்கு நாடுகளிலும் 732 நடுத்தர ஆலைகளின் மேலாளர்களைப் போனில் பேட்டி எடுத்து, 18 பழக்கங்களுக்கு 1 முதல் 5 வரை மார்க் போட்டிருந்தார்கள். மார்க் போடுகிறோம் என்பது மேலாளருக்குத் தெரியாது, பேட்டி எடுப்பவருக்கு அந்த ஆலை லாபத்தில் ஓடுகிறதா என்பது தெரியாது. பேரி ஸ்டா காட்டிய ஓட்டையை அடைக்க இது நல்ல வழி. அப்பா நடத்திய தொழிலை மூத்த மகன் என்பதற்காகவே மகன் கைக்கு மாற்றிவிட்ட நிறுவனங்கள் மார்க்கில் பின்தங்கியிருந்தன என்பது அதில் வெளிவந்த ஒரு சங்கதி. ஆனாலும் நல்ல பழக்கம் லாபத்தைத் தந்ததா, லாபம் வந்ததால் நல்ல பழக்கம் வந்ததா என்ற கேள்வி அப்படியே நின்றது. அதற்குத்தான் மருந்தைச் சோதிப்பது போலச் சீட்டுப் போட்டு ஆலைகளைப் பிரித்துப் பார்க்க இந்தியாவுக்கு வந்தார்கள்.

2008இல் தொடங்கினார்கள். ஒரு பெரிய சர்வதேச ஆலோசனை நிறுவனத்து ஆட்கள் இலவசமாக வந்து ஆலையைச் சீர்படுத்தித் தருவார்கள், செலவு ஆய்வாளர்களுடையது. சந்தையில் இந்தச் சேவையைக் காசு கொடுத்து வாங்கினால் ஓர் ஆலைக்கு 2,50,000 டாலர் ஆகும். அதை ஓசியில் தருகிறோம் என்று 66 நிறுவனங்களை அணுகினால் ஒப்புக்கொண்டவை 17தான்! மற்றவர்களிடம் இருந்த முக்கியமான காரணங்கள் இரண்டு, எங்களுக்கு இது தேவையில்லை என்பது ஒன்று, முதலாளி வாரத்தில் ஒரு நாள் இதற்கென்று உட்கார வேண்டும் என்பதற்கு நேரமில்லை என்பது இன்னொன்று. ஆய்வாளர்களுக்கு இது ஆச்சரியமாக இருந்ததோ என்னவோ, எனக்கு இல்லை. யாரோ கோட்டுப் போட்டவர்கள் வந்து சும்மா உதவி செய்கிறோம் என்றால் பெரியவர் முதலில் கணக்கு நோட்டை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லியிருப்பார்.

சேர்ந்த 17இல் 11 நிறுவனங்களுக்கு முழு வைத்தியம், 6 நிறுவனங்களுக்கு இல்லை. வைத்தியம் இல்லாதவர்களுக்கும் ஒரு மாதம் ஆட்கள் போய் ஆலையை ஆராய்ந்து குறைகளைச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு அதற்கு மேல் நான்கு மாதம் கூடவே நின்று செய்ய வைத்தார்கள். அந்த ஒரு மாதம் முக்கியம், யாரோ வந்து பார்க்கிறார்கள் என்பதாலேயே வேலை ஒழுங்காக நடக்கும் என்ற பழைய சந்தேகத்துக்கு அதில் ஓரளவு பதில் இருக்கிறது, ஏனென்றால் பார்த்தது இரண்டு தரப்பையும்தான்.

வைத்தியம் என்னவென்று பார்த்தால் ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றுமில்லை. மொத்தம் 38 பழக்கங்கள். தறி ஏன் நின்றது என்று எழுது. துணியில் விழும் குறையை வகை பிரித்து எழுதி, தினமும் மேலாளர் எல்லோரும் கூடி அதைப் பேசு. தறி கெட்டுப் போகும் வரைக்கும் காத்திருக்காமல் முறை வைத்துப் பராமரி. நூலுக்கு லேபிள் ஒட்டி அடுக்கு, எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்து வாங்கு. தொடக்கத்தில் ஆலைகள் இவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத்தான் செய்துகொண்டிருந்தன.

நூல் சமாச்சாரம் மில்லில் இருந்தவர்களுக்குத்தான் புரியும். ஒரே 40 கவுண்ட், அதாவது ஒரே பருமன் நூல்தான், ஆனால் லாட், அதாவது தயாரான தொகுதி, வேறு. குடோன் பையன் லேபிள் கிழிந்து போன மூட்டையிலிருந்து கோனை எடுத்து ஊடைக்கு, அதாவது குறுக்கு இழைக்கு, போட்டுவிடுவான். தறியில் பார்த்தால் துணி வெள்ளை வெளேரென்று ஒன்றும் தெரியாது. சாயப்பட்டறையில் முக்கி எடுத்த பிறகு பட்டை பட்டையாக முழிக்கும். பார்ட்டி போனில் கத்துவார், பில்லில் கழிப்பார், பெரியவர் மேஸ்திரியைக் கத்துவார், மேஸ்திரி குடோன் பையனைக் கத்துவான், பையன் அடுத்த வாரம் வேலைக்கு வரமாட்டான். புதுப் பையன் வருவான். லேபிள் அப்படியே கிழிந்து கிடக்கும்.

முதல் வருடத்திலேயே வைத்தியம் பெற்ற ஆலைகளில் உற்பத்தித் திறன் 17 சதவீதம் உயர்ந்தது என்கிறது ஆய்வு. துணியில் குறைகள் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சரிந்தன, நூல் இருப்பும் குறைந்தது. ஓர் ஆலைக்கு வருடத்துக்கு சுமார் 3,00,000 டாலர் லாபம் கூடியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள், அன்றைய மதிப்பில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குக் கிட்டத்தட்ட வரும். மூன்று வருடத்துக்குள் அந்த நிறுவனங்கள் புது ஆலைகளும் திறந்தன. 17 நிறுவனம் என்பது சின்ன எண்ணிக்கை என்று குறை சொல்லலாம், அதுவும் ஒப்புக்கொள்கிற மனசு உள்ள 17. அதை ஈடுகட்டத்தான் வாரா வாரம் கணக்கெடுத்து நீண்ட காலத்துக்குத் தகவல் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. எங்கள் மில்லில் மெண்டிங் பிரிவில் ஒன்பது பெண்கள் இருந்தார்கள், துணியை விரித்துப் போட்டு அறுந்த இழையை ஊசியால் கோத்துச் சரிசெய்வது வேலை. குறை பாதியானால் அவர்களில் நாலு பேர் வீட்டுக்குப் போகவேண்டும். லாபக் கணக்கில் அது சேமிப்பு என்ற தலைப்பில் வரும். மேலாண்மை ஆராய்ச்சி பொதுவாக அந்தத் தலைப்பைத் தாண்டி நடந்து போவதில்லை.

சரி, இவ்வளவு லாபம் இருந்தும் ஏன் இதை முன்பே செய்யவில்லை? ஆய்வாளர்கள் தரும் முதல் பதில், தெரியவில்லை என்பது. சில பழக்கங்களைக் கேள்விப்பட்டதே இல்லை, கேள்விப்பட்டவற்றால் பெரிய ஆதாயம் இருக்கும் என்று நம்பவில்லை. பக்கத்து ஆலையில் வருகிற அளவுதான் நம்மிடமும் குறை வருகிறது, அப்புறம் என்ன? இது எங்கள் ஊருக்கும் அப்படியே பொருந்தும்.

இரண்டாவது பதில்தான் என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது. மோசமாக நடக்கும் ஆலைகளைப் போட்டி ஏன் விழுங்கவில்லை, நன்றாக நடக்கும் ஆலை ஏன் பெரிதாகவில்லை என்று பார்க்கிறார்கள். நிறுவனம் எவ்வளவு பெரியது என்பதை மேலாண்மை மார்க்கை விட நன்றாகச் சொல்லிவிடுவது அந்தக் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் என்பதுதானாம். அண்ணன், தம்பி, மகன் என்று ஆள் இருந்தால் அடுத்த ஆலை, இல்லையென்றால் இருப்பதே போதும். வெளியாள் ஒருவரை மேலாளராகப் போட்டு முழுப் பொறுப்பையும் கொடுத்தால் நூலையோ பணத்தையோ சுருட்டிவிடுவான் என்ற பயம், சுருட்டினால் கோர்ட்டுக்குப் போய் எந்தக் காலத்தில் தீர்ப்பு வாங்குவது என்ற நியாயமான கேள்வி. அதனால் மேலாளர் என்று ஒருவர் இருப்பார், சாவி மட்டும் அவரிடம் இருக்காது.

ஒரு தடவை பெரியவரிடம் நானே கேட்டிருக்கிறேன். கையில் ஆர்டர் இருந்தது, பேங்க்காரர் வலிய வந்து கடன் தருகிறேன் என்று நின்றார், ஊத்துக்குளி ரோட்டில் ஒரு ஷெட் விலைக்கு வந்தது. ஏனுங்க, எடுத்துப் போட்டுடலாமேங்க என்றேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"எடுத்துப் போடறது பெரிசில்ல கண்ணு. ஆரு பாத்துக்கறது?"

அப்போது அதைப் பழைய காலத்து மனுஷனின் பயம் என்று நினைத்தேன். எம்பிஏ படிக்கிற திமிர். ஐந்து ஆய்வாளர்கள் 28 ஆலைகளில் புள்ளிவிவரம் சேர்த்து எழுதியிருப்பதும் வெற்றிலை மடிக்கும் நேரத்தில் அவர் சொன்ன அதே இரண்டு வார்த்தைதான் என்று புரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று.

இந்த ஆய்வின் மேல் எனக்கு மரியாதை கூடியது அதன் தொடர்ச்சியால். இந்தத் துறையில் முடிவை வெளியிட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். இவர்கள் 2017இல் அதே ஆலைகளுக்குத் திரும்பப் போய் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தார்கள். கற்றுக்கொடுத்த பழக்கங்களில் பாதியளவு கைவிடப்பட்டிருந்தன. ஆனாலும் வைத்தியம் பெறாத ஆலைகளை விட இவை இன்னும் தெளிவாக முன்னால்தான் இருந்தன. அதே நிறுவனத்தின் வேறு ஆலைகளுக்குப் பழக்கங்கள் நிறையவே பரவியிருந்தன, பக்கத்து நிறுவனத்துக்கு அவ்வளவாகப் பரவவில்லை. ஏன் விட்டுவிட்டீர்கள் என்றதற்கு அதிகம் வந்த பதில்களில் இரண்டு, அதைச் செய்துகொண்டிருந்த மேலாளர் போய்விட்டார், முதலாளிக்கு நேரமில்லை.

கல்யாண நாளுக்கு அடுத்த வாரம் நான் ஒரு 200 பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். தறி நம்பர், நின்ற நேரம், காரணம், ஓடிய நேரம். ஷிப்டு சூப்பர்வைசராக இருந்தவர் திண்டுக்கல்காரர், எழுதுவதில் பிரியமுள்ளவர், பொடிப் பொடியாக முத்து மாதிரி எழுதி வைப்பார். எட்டு மாதம் நடந்தது. 14ஆம் நம்பர் தறி மட்டும் மற்றதைப் போல மூன்று மடங்கு நேரம் நிற்கிறது என்று அந்த நோட்டுதான் சொன்னது, பெரியவரே வந்து பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு ஃபிட்டரைக் கூப்பிட்டு மோட்டாரை மாற்றச் சொன்னார். அப்புறம் சூப்பர்வைசருக்கு அவர் ஊர்ப்பக்கமே ஒரு ஸ்பின்னிங் மில்லில் இரண்டாயிரம் ரூபாய் கூடுதல் சம்பளம் கிடைத்தது. அடுத்து வந்தவர் ஒரு மாதம் எழுதினார். ஒரு நாள் நோட்டைத் திறந்தேன், பின்பக்கத்திலிருந்து தீபாவளி அட்வான்ஸ் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதையும் நான்தான் எழுதியிருந்தேன். வேறு நோட்டு கைக்குக் கிடைக்காத ஒரு அவசரத்தில்.

போன வருடம் மாரியம்மன் பண்டிகைக்கு அந்தப் பக்கம் போனபோது மில்லுக்குள் நுழைந்தேன். தறிகள் ஏர்ஜெட்டாக மாறியிருந்தன, எண்ணிக்கை கூடவில்லை. பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. இடுப்பு வேட்டியை விடச் சாவிக்கொத்துதான் கனமாகத் தெரிந்தது. அவருக்கு ஒரே மகள், கோவையில் டெக்ஸ்டைல் டெக்னாலஜி படித்தவர். நான் அங்கே வேலையில் இருந்தபோது கல்யாணம் பண்ணி நாமக்கல்லுக்கு அனுப்பினார்கள். குடும்பத்தில் எத்தனை ஆண்கள் என்று அந்த ஆய்வு எண்ணியதே, அதில் இவர் வரமாட்டார். ஆய்வாளர்கள் மேல் குற்றமில்லை, ஆலைகளில் இருப்பதைத்தான் அவர்கள் எண்ணினார்கள். பண்டிகைக்கு வந்திருந்த அந்தப் பெண் டீ டம்ளரோடு குடோனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஏனுங்கப்பா, அந்த மூலையில் ரெண்டு லாட் கலந்து கெடக்குது, ஊடைக்குப் போச்சுன்னா பட்டை விழுந்துருமே என்றார். பெரியவர் சிரித்தார். "பாத்தியா, கண்ணு என்னமா வேலை செய்யுது" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

அதற்குள் ஃபிட்டர் பையன் ஒருத்தன் கை நிறைய கிரீஸோடு வந்து வாசலில் நின்றான். ஏழாம் நம்பருக்கு பெல்ட் வேணுமாம். பெரியவர் பாதி டீயைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலில் கையை ஊன்றி மெல்ல எழுந்து, ஸ்டோரைத் திறந்துவிடப் போனார்.